குழாய் அடைப்பு: எந்தச் சோதனை எவ்வளவு சொல்லும்?

பலோப்பியன் குழாய்க்கு எமது உயிரியல் பாடத்தில் ஒரு படமும் சில வரிகளும் உண்டு. தவணைப் பரீட்சையில் அந்தப் படத்தின் பாகங்களைப் பெயரிட்டு முழுப் புள்ளியும் வாங்கினேன். அதே வாரம் என் பெரியம்மாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, மண்ணிறக் கடித உறைக்குள்ளிருந்து ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்து என் கையில் தந்தார். "நீ பயோ படிக்கிற புள்ளதானே, இதுல என்ன தெரியுதுண்டு சொல்லு" என்றார். கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளை முக்கோணம் மட்டும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ராத்தா கற்பிட்டிப் பாதையில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. அந்தப் படத்தோடு வந்த ரிப்போர்ட்டில் இரண்டு குழாய்களும் கருப்பைக்கு அருகிலேயே அடைபட்டிருப்பதாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், மச்சானுக்கு இரண்டாவது பெண் பார்க்கும் பேச்சு மாமி வாயிலிருந்து வந்துவிட்டது. மச்சானுக்கு அதுவரை ஒரு சோதனையும் செய்யப்படவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று நான் முதலில் கேட்டது எமது உயிரியல் ஆசிரியையிடம், பிறகு ராத்தாவிடம். ஆசிரியை உடனே சம்மதித்தார். ராத்தா, "பேரப் போடாத, ஊரயும் போடாத. மத்ததெல்லாம் எழுது" என்றார். கடைசியில் எழுதட்டுமா என்று உம்மாவிடம் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துல இத யாரும் சொல்லித் தரல்ல" என்றார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

குழாய் என்றால் என்ன

இத்தாலியின் மொடேனாவில் பிறந்து பதுவாவில் கற்பித்த கபிரியேலே பலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் இந்தக் குழாயை விவரித்தார். அதன் விரிந்த முனை அவருக்கு ஓர் எக்காளத்தை நினைவூட்டியது. அடுத்த வருடமே, நாற்பது வயதைத் தொடுமுன் அவர் இறந்துவிட்டார். குழாய் எதற்காக இருக்கிறது என்பது அவர் காலத்தில் எவருக்கும் சரியாகத் தெரியாது.

அது ஏறத்தாழ 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமானது. ஒரு முனை சூலகத்தின் அருகில் விரல் போன்ற ஓரங்களுடன் திறந்திருக்கும். மறுமுனை கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே போகும். அந்த இடத்தில் அதன் உள்விட்டம் ஒரு மில்லிமீற்றர் அளவே. முட்டை தானாக நகரக்கூடியதல்ல. குழாயின் உட்சுவரில் உள்ள பிசிர்களும் தசையின் அசைவுமே அதைக் கொண்டுசெல்கின்றன. விந்து எதிர்ப்பக்கமாக வந்து, குழாயின் அகன்ற பகுதியில் முட்டையைச் சந்திக்கிறது. கருக்கட்டல் நடப்பது கருப்பையில் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், ஆனால் அது குழாயில்தான் நடக்கிறது. ஆகவே குழாய் திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே பிசிர்களும் நன்றாக இருக்கவேண்டும். இங்கே நான் எழுதப்போகும் சோதனைகள் எல்லாம் குழாய் திறந்திருக்கிறதா என்பதையே முக்கியமாகப் பார்க்கின்றன. பிசிர் எப்படி இருக்கிறது என்று அவற்றால் நேராகச் சொல்ல முடியாது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடைப்பு ஏன் வருகிறது? பெரும்பாலும் பழைய தொற்றுக்களால். கிளமீடியா, கொணோரியா போன்ற தொற்றுக்கள், பிரசவத்துக்குப் பின்னோ கருச்சிதைவுக்குப் பின்னோ வரும் தொற்று, வெடித்த குடல்வால், முன்பு செய்த வயிற்றுச் சத்திரசிகிச்சையின் தழும்பு, கருப்பை அகவணி வெளியே வளரும் நோய் எல்லாம் காரணமாகலாம். எமது தெற்காசிய நாடுகளில் காசநோயும் உண்டு. சுவாசப்பையோடு நின்றுவிடாமல் அது இரத்தத்தின் வழியே குழாய்களையும் தாக்கும், இருமலே இல்லாமலும் அது நடக்கலாம்.

சுவீடனின் லுண்ட் நகரில் இடுப்புக்குழித் தொற்று வந்த பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தடவை தொற்று வந்தவர்களில் 8 சதவீதத்தினருக்குக் குழாய்க் கோளாறால் குழந்தைப்பேறு இல்லாமல் போனது. இரண்டு தடவை வந்தவர்களில் அது 19.5 சதவீதம், மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 சதவீதம். கீழ்வயிற்று நோவும் காய்ச்சலும் வந்தால் வெட்கப்பட்டுப் பனடோலோடு சமாளிக்கும் எம் வழக்கத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளமீடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, கணவனிடமிருந்தும் வரலாம். குடல்வாலும் காசநோயும் எவருடைய ஒழுக்கத்தோடும் சம்பந்தப்பட்டவையல்ல. குழாய் அடைப்பு என்றதும் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்களுக்கு உடற்றொழிலியல் தெரியாது.

முதலில் வந்தது வாயு

நியூயோர்க்கில் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையில் பணிபுரிந்த ஐசிடோர் ரூபின் என்ற வைத்தியர் 1914இல் கருப்பைக்குள் வெள்ளி சேர்ந்த ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ் கதிரில் பார்த்தார். அந்தத் திரவம் உடலுக்கு எரிச்சலூட்டியதால் அதைக் கைவிட்டு, 1920இல் வாயுச் சோதனையை வெளியிட்டார். முதலில் ஒட்சிசன், பின்னர் காபனீரொட்சைட்டு. கருப்பை வாயின் வழியே வாயுவைச் செலுத்தி அழுத்தமானியைக் கவனிப்பார்கள். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் போய்விடும், அழுத்தம் இறங்கும். 200 மில்லிமீற்றர் இரசம் வரை ஏறியும் இறங்காவிட்டால் அடைப்பு என்று கொள்வார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தோள்பட்டைதான். சோதனை முடிந்து பெண் எழுந்து உட்காரும்போது வயிற்றுக்குள் போன வாயு மேலே ஏறிப் பிரிமென்றகட்டைத் தொடும். பிரிமென்றகட்டின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் அந்த உறுத்தல் தோளில் நோவாகத் தெரியும். தோள் நொந்தால் குழாய் திறந்திருக்கிறது! உயர்தர மாணவிக்கு நரம்புத்தொகுதியை இதைவிட நன்றாக விளக்கும் உதாரணம் கிடைக்காது. ஆனால் ஒரு குழாய் திறந்திருந்தாலே வாயு போய்விடும். எந்தப் பக்கம் அடைப்பு, எந்த இடத்தில் அடைப்பு என்று எதுவும் தெரியாது. அதனால் இந்தச் சோதனை இன்று வழக்கில் இல்லை.

எக்ஸ்ரே: முக்கோணமும் நூலும்

ராத்தா கொண்டுவந்தது எச்.எஸ்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லும் சோதனையின் படம். கருப்பை வாயில் ஒரு மெல்லிய குழாயை வைத்து அயடீன் சேர்ந்த சாயத்தை மெதுவாகச் செலுத்தி, எக்ஸ் கதிரில் பார்ப்பார்கள். முதலில் கருப்பை வெள்ளை முக்கோணமாக நிறையும். பிறகு இரு மூலைகளிலிருந்தும் இரண்டு வெள்ளை நூல்கள் புறப்படும். கடைசியில் நூல் முனையிலிருந்து சாயம் புகை கலைவது போல வயிற்றறைக்குள் பரவும். அந்தப் புகைதான் நல்ல செய்தி. குழாயின் தூர முனை அடைபட்டு நீர் கோத்திருந்தால் நூல் பலூன் போல வீங்கித் தெரியும். நெடுநாள் காசநோயில் அது கோத்த மணி போலத் தெரிவதுண்டு.

மாதவிடாய் தொடங்கிய நாளை முதலாம் நாளாக எண்ணி, இரத்தம் நின்ற பிறகு ஏறத்தாழ 10ஆம் நாளுக்குள் இதைச் செய்வார்கள். அதற்குப் பின் கரு உருவாகியிருக்கக்கூடும், அதன்மேல் கதிர் படக்கூடாது. தொற்று இருக்கும்போது செய்யக்கூடாது. அயடீன் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம். நோகுமா என்றால் நோகும். சிலருக்கு மாதவிடாய் நோவு போல, சிலருக்கு அதைவிட அதிகமாக. ஒரு மணித்தியாலம் முன்பு நோவு மாத்திரை எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். எம் வீட்டுப் பெண்களுக்கு நோவைவிடப் பெரிய பயம் அந்த அறையில் யார் இருப்பார்கள் என்பது. பெண் உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று திகதி எடுக்கும்போதே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. மேசையில் படுத்த பிறகு கேட்பதுதான் சிரமம்.

இந்தச் சோதனையின் பெரிய சிக்கல் குழாய் ஒரு தசைக்குழாய் என்பது. பயத்திலோ நோவிலோ, சாயம் வேகமாக உள்ளே வந்ததிலோ கருப்பைக்கு அருகிலுள்ள பகுதி இறுகிக்கொள்ளும். சில வேளைகளில் ஒரு சளித்துண்டு வாயிலில் நிற்கும். படத்தில் இரண்டும் அடைப்புப் போலவே தெரியும்.

பாலாவிப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், அல்லது யாரோ பலகையைப் போட்டு மூடியிருக்கலாம். பாத்தியின் ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வாய்க்கால் வழியே நடந்து போனால்தான் வேறுபாடு தெரியும். எக்ஸ்ரே படம் பாத்தியின் ஓரத்திலிருந்து பார்க்கும் பார்வை.

சாயத்தைப் பற்றி ஒரு புதினமும் உண்டு. நீரில் கரையும் சாயமும் உண்டு, கசகசா எண்ணெயில் அயடீனைச் சேர்த்த சாயமும் உண்டு. நெதர்லாந்தில் 27 வைத்தியசாலைகளில் 1119 பெண்களை இரு பிரிவாக்கிப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். ஆறு மாதங்களுக்குள் எண்ணெய்ச் சாயம் பெற்றவர்களில் 39.7 சதவீதமும், நீர்ச்சாயம் பெற்றவர்களில் 29.1 சதவீதமும் கருத்தரித்துக் கர்ப்பம் தொடர்ந்தது. சோதனைக்காகச் செலுத்திய சாயமே சிலருக்குச் சிகிச்சையாகவும் அமைந்துவிட்டது. அந்தப் பெண்கள் குழாய்க் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைந்தவர்கள் என்பதையும், எண்ணெயிலுள்ள அயடீன் தைரொயிட்டைப் பாதிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உம்மாவிடம் இதை வாசித்துக் காட்டியபோது, "அப்ப கசகசா திண்டா சரியா?" என்றார். இல்லை உம்மா.

ஸ்கேன்

எக்ஸ் கதிருக்குப் பதிலாகக் கேளா ஒலியால் பார்ப்பது அடுத்த வழி. சாதாரண ஸ்கேனில் நல்ல குழாய் பொதுவாகத் தெரியாது, நீர் கோத்து வீங்கிய குழாய் சில வேளை தெரியும். ஆகவே கருப்பைக்குள் உப்புநீரும் காற்றுக்குமிழியும், அல்லது நுரை போன்ற ஒரு பசையும் செலுத்தி, அது குழாயில் ஓடுவதைத் திரையில் பார்ப்பார்கள். கதிர் இல்லை, அயடீனும் இல்லை. கருப்பைக்குள் கட்டி இருந்தால், சூலகத்தில் நீர்க்கட்டி இருந்தால் அதையும் அதே அமர்வில் பார்த்துவிடலாம். நுரையையும் எக்ஸ்ரேயையும் ஒரே பெண்களுக்குச் செய்து ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வில், பத்துக்கு அளந்த நோவு நுரையில் 3.1, எக்ஸ்ரேயில் 5.4.

குறை என்னவென்றால், பார்ப்பவரின் கைப்பழக்கத்தில் நிறையத் தங்கியிருக்கிறது. குமிழி குழாயில் ஓடுகிறதா, பக்கத்துக் குடலில் காற்று அசைகிறதா என்று பிரித்தறியப் பயிற்சி வேண்டும். தசை இறுகும் சிக்கலும் இங்கேயும் உண்டு.

கமராவும் நீலச் சாயமும்

லெப்ரஸ்கொப்பியை உலகுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் பாரிஸ் நகரத்து ராவுல் பால்மர். அவர் 1940களில் இதைச் செய்தார். பெண்ணை முழுமையாக மயக்கி, தொப்புளருகே சிறிதாக வெட்டி, வயிற்றைக் காபனீரொட்சைட்டால் உப்பச் செய்து, கமராக்குழாயை உள்ளே விடுவார்கள். கீழேயிருந்து நீலச் சாயத்தைச் செலுத்தினால், குழாய் திறந்திருக்கும் பக்கத்தில் விரல் போன்ற ஓரத்திலிருந்து நீலம் வழிவதைக் கண்ணாலேயே காணலாம். குழாயைச் சுற்றி ஒட்டுத்தசைகள் இருந்தால் அவையும் தெரியும். வெளியே வளர்ந்த கருப்பை அகவணியும் தெரியும். முடிந்தால் அங்கேயே பிரித்தும் விடுவார்கள். எக்ஸ்ரேக்கு இவை கண்ணில் படாது.

இதனால்தான் மற்றச் சோதனைகளை அளக்கும் கோலாக இதை வைத்திருக்கிறார்கள். ஆனால் இது ஒரு சத்திரசிகிச்சை. மயக்க மருந்தின் ஆபத்து உண்டு. அரிதாகக் குடலோ இரத்தக்குழாயோ காயப்படும். சத்திரசிகிச்சை அறைக்கு வரிசையில் காத்திருக்கவேண்டும். சாயம் எளிதான பக்கத்தால் ஓடிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போகாமல் விடுவதும் உண்டு. கோல் என்றாலும் பிழையே செய்யாத கோல் அல்ல.

இரத்தச் சோதனை ஒன்றையும் விட்டுவிடக்கூடாது. கிளமீடியாவுக்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் என்றோ தொற்று வந்து போயிருக்கிறது என்று பொருள், குழாய் கெட்டிருக்கிறது என்று பொருளல்ல. யாருக்கு லெப்ரஸ்கொப்பியை விரைவாகச் செய்வது என்று தீர்மானிக்க அது உதவும்.

கணக்கு

இனி நான் ராத்தாவுக்கு ஒரு கொப்பித் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு. இந்தக் கட்டுரையில் ஏதாவது ஒன்றைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து 1995இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், லெப்ரஸ்கொப்பியோடு ஒப்பிடும்போது எக்ஸ்ரே உண்மையான அடைப்புக்களில் 65 சதவீதத்தைப் பிடிக்கிறது என்றும், திறந்த குழாய்களை 83 சதவீதம் சரியாகத் திறந்தவை என்கிறது என்றும் கண்டார்கள். கேட்க நல்ல எண்களாகத்தான் இருக்கின்றன.

குழந்தை இல்லாத 1000 பெண்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 140 பேருக்குத்தான் உண்மையில் அடைப்பு. 860 பேருக்கு இல்லை. எக்ஸ்ரே 140 பேரில் 65 சதவீதத்தை, அதாவது 91 பேரைப் பிடிக்கும். 49 பேரைத் தவறவிடும். 860 பேரில் 83 சதவீதத்தினர், ஏறத்தாழ 714 பேர், சரியாகத் திறந்தவர்கள் என்று வருவார்கள். மீதி 146 பேருக்கு அடைப்பே இல்லாமல் அடைப்பு என்று ரிப்போர்ட் போகும்.

இப்போது "அடைப்பு" என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புபவர்கள் எத்தனை பேர்? 91உம் 146உம், மொத்தம் 237 பேர். அவர்களில் உண்மையில் அடைப்புள்ளவர்கள் 91 பேர் மட்டுமே. நூற்றுக்கு 38. பாதியை விடக் குறைவு!

"திறந்திருக்கிறது" என்ற ரிப்போர்ட் பெற்றவர்கள் 763 பேர். அவர்களில் 714 பேருக்கு அது உண்மை. நூற்றுக்கு ஏறத்தாழ 94.

ஆகவே இந்தச் சோதனையின் இரண்டு பதில்களுக்கும் ஒரே எடை இல்லை. திறந்திருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். அடைப்பு என்று சொன்னால், அது தீர்ப்பல்ல, இன்னொரு சோதனைக்கான காரணம். ஐக்கிய இராச்சியத்தில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற நிறுவனமும் இதே இரண்டு சதவீதங்களைத்தான் சொல்கிறது.

ஆனால் அந்த 140 என்ற எண்ணை மாற்றினால் விடையும் மாறும். முன்பு இடுப்புக்குழித் தொற்று வந்தவர்கள், குடல்வால் வெடித்தவர்கள், குழாயில் கர்ப்பம் தரித்தவர்கள் என்று ஆபத்துக் கூடியவர்களாகவே 1000 பேரை எடுத்து, அவர்களில் 300 பேருக்கு அடைப்பு என்று கொள்வோம். 195 பேரைப் பிடிக்கும், 105 பேரைத் தவறவிடும். 700 பேரில் 581 பேர் சரியாக வருவார்கள், 119 பேர் பிழையாக. அடைப்பு என்ற ரிப்போர்ட் பெறும் 314 பேரில் 195 பேருக்கு அது உண்மை. நூற்றுக்கு 62. படம் ஒன்று, இயந்திரம் ஒன்று, ஆனால் ரிப்போர்ட்டின் பொருள் வேறு. வைத்தியர் கதிரையில் உட்கார வைத்து, சிறுவயதில் என்ன நோய், என்ன ஒப்பரேஷன் என்று நீளமாகக் கேட்பது நேரத்தைப் போக்க அல்ல. அந்தப் பதில்கள்தான் இந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. மாமி பக்கத்தில் இருக்கிறார் என்று எதையும் மறைத்துவிடாதீர்கள். தனியாகப் பேசவேண்டும் என்று கேட்கலாம்.

நைஸ் நிறுவனம் 2013இல் சொன்ன ஒழுங்கும் இதிலிருந்து வருவதுதான். முன்பு எந்தக் கோளாறும் இல்லாதவருக்கு முதலில் எக்ஸ்ரே. தேர்ந்த கைகள் உள்ள இடத்தில் அதற்குப் பதிலாகச் சாய ஸ்கேன். இடுப்புக்குழித் தொற்று, குழாய்க் கர்ப்பம், வெளியே வளரும் அகவணி போன்ற வரலாறு உள்ளவருக்கு நேரே லெப்ரஸ்கொப்பி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்கு மயக்க மருந்தும் வேண்டாம், கதிரும் வேண்டாம், நோவும் இல்லை. அது கணவனின் விந்துப் பரிசோதனை. குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரில் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருக்க, பெண்ணை எக்ஸ்ரே மேசையில் ஏற்றிய பிறகும் ஆணிடம் கேட்கவே தயங்கும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை எனக்கு விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அடைப்பு உண்மையானால்

உண்மையான அடைப்பும் இருக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை. கருப்பைக்கு அருகிலுள்ள அடைப்பைச் சில வேளை மெல்லிய குழாய் விட்டுத் திறக்கலாம். தூர முனை அடைபட்டு நீர் கோத்தால், அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைப் பாதிக்கும் என்பதால், சோதனைக்குழாய் முறைக்கு முன் அந்தக் குழாயையே எடுத்துவிடச் சொல்வதுண்டு. குழாய் இல்லாவிட்டால் எப்படி என்று கேட்பீர்கள். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய் லெஸ்லி பிரவுனுக்கு இரு குழாய்களும் அடைபட்டிருந்தன. சோதனைக்குழாய் முறை முதலில் உருவானதே குழாய் அடைபட்ட பெண்களுக்காகத்தான். அதே வருடம் ஒக்டோபர் 3இல் கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. அவரை அன்று எவரும் நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ் பேசும் பக்கத்தில் சென்னையின் வைத்தியர் கமலா செல்வராஜ் 1990இல் இதைச் செய்து காட்டினார்.

இது ஆகுமானதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அல்-அஸ்ஹர் 1980 மார்ச்சில் தந்த பத்வாவில், திருமண பந்தம் நிலைத்திருக்கும்போது கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டும் சேர்ந்தால் ஆகும் என்றும், மூன்றாம் ஆள் ஒருவரின் விந்தோ முட்டையோ கருப்பையோ கூடாது என்றும் சொல்லப்பட்டது. மேலதிக விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் தகுதிக்கு மேற்பட்டது.

எப்போது வைத்தியரிடம் போவது? ஒன்றாக வாழ்ந்து ஒரு வருடம் கடந்தும் கரு தங்காவிட்டால். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்தில். அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் இலவசம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஊருக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் போதும்.

ராத்தாவுக்கு எக்ஸ்ரேக்கும் லெப்ரஸ்கொப்பிக்கும் இடையில் ஒன்பது மாதம் போனது. அந்த ஒன்பது மாதமும் அவர் மாமி வீட்டுக் குசினியில் "அடைபட்டவ" என்ற பட்டத்தோடு சோறாக்கினார். லெப்ரஸ்கொப்பி கொழும்பில் நடந்தது. இரண்டு பக்கமும் நீலம் வழிந்தது. இடப் பக்கத்தில் சிறிய ஒட்டுத்தசை ஒன்று இருந்ததாம், அதைப் பிரித்துவிட்டார்கள். அன்று குழாய் இறுகியிருக்கும் என்று வி.ஓ.ஜி. அம்மா சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மச்சானின் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்.

மச்சான் இரண்டு கிழமை வாடியிலேயே தங்கிவிட்டார். வாப்பா போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, பெண்பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் மச்சான் சோதனை செய்தார். எண்ணிக்கை குறைவு என்று வந்திருக்கிறது, மருந்து தொடங்கியிருக்கிறார்கள். சிகரெட்டை விடச் சொல்லியிருக்கிறார்கள், பாதி விட்டிருக்கிறார். அடுத்த கிளினிக் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு, இருவரும் ஒன்றாகப் போகவேண்டுமாம்.

அந்தப் பழைய எக்ஸ்ரே படம் இதை எழுதும் வரை என் மேசையில்தான் இருந்தது. நேற்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ராத்தாவுக்குக் காட்டினேன்: இது கருப்பை, இது மூலை, இங்கிருந்துதான் நூல் தொடங்கவேண்டும். அவர் அதை வாங்கி உறைக்குள் வைத்தார். "கணக்குப் போட்ட தாளையும் தா, மாமிக்குக் காட்டணும்" என்றார். கொடுத்துவிட்டேன்.